மாப்பிள்ளை கொடுத்த சூரணம்

ஜூன் 10

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறேன் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் ஹாஜா மொய்தீன். வருஷக்கணக்காகப் பையன்களை வரிசையில் நிறுத்தி எண்ணிய உடற்கல்வி ஆசிரியன் கலியபெருமாளுக்குக் கடைசியில் எண்ணக் கிடைத்தது இது. எழுதுவதற்குக் கையில் அகப்பட்டது இந்த டைரிதான். என் மாப்பிள்ளை முகுந்தன் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சடித்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ‘நீரோட்டம் சூரணம் – ஐம்பதைக் கடந்த ஆண்களுக்கு’ என்று போட்டிருக்கிறது.

இன்றைய கணக்கு: காலைப் பிரார்த்தனைக்கு முன்னால் ஒன்று, முடிந்ததும் ஓடிப்போய் ஒன்று. ‘அசையாமல் நில்’ என்று மைக்கில் சொல்லிவிட்டு நானே கால் மாற்றி மாற்றி நின்றேன். எட்டாம் வகுப்பு வரிசையில் சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒருவனை இழுத்து வெளியே நிறுத்த வேண்டும், அதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை.

ஜூன் 11

எண்ணுவதை விட்டுவிட்டேன். மற்றதை எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து சுகந்தியும் முகுந்தனும் வந்தார்கள். சுகந்தி எங்கள் ஒரே மகள். டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையை முகுந்தன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாமா, இதெல்லாம் ஹார்மோனக் கெடுத்துடும். ஆம்பளத்தனமே போயிடும். நம்ம சூரணம் இருக்கறப்ப இது எதுக்கு? வெறும் மூலிக. பக்க விளைவே கெடையாது.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு ஸ்பூன் தேனில் குழைத்து முதலில் தான் சாப்பிட்டுக் காட்டினார். யாரிடம் விற்கப் போனாலும் அப்படித்தான். தான் சாப்பிடாததை அடுத்தவனுக்குக் கொடுக்கக்கூடாது என்பார். எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். முன்பு ஒரு கம்பெனியில் தவணை வசூலிக்கும் வேலையில் இருந்தார். இல்லாதவர்கள் வீட்டு வாசலில் போய்க் கத்தப் பிடிக்காமல் அதை விட்டுவிட்டு, ஒன்றரை வருஷமாக இந்தச் சூரணத்தோடு மல்லுக்கட்டுகிறார். பொடி எங்கிருந்தோ மூட்டையில் வருகிறது. இவர் டப்பாவில் அடைத்துப் பெயர் ஒட்டுகிறார்.

மாத்திரை அட்டையை என் மனைவி மங்கை சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். மாப்பிள்ளை ஒன்றைக் கொடுத்து, அதை வேண்டாம் என்று சொல்லும் வீடு மாயவரத்தில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூன் 30

சொன்னால் நம்ப மாட்டார்கள். பிரார்த்தனை முழுக்கச் சிலை மாதிரி நின்றேன். தலைமையாசிரியர் நீதிக்கதை வேறு சொன்னார், அதையும் நின்றே கேட்டேன்.

முகுந்தன் வந்து என்னை வீடியோ எடுத்தார். “உடற்பயிற்சி ஆசிரியரான நானே சாப்பிடுகிறேன்” என்று விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னேன். மங்கை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “சினிமாவுக்குக் கூப்பிட்டாகளா?” என்றாள். வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் அம்பலவாணன் இரண்டு டப்பா வாங்கியிருக்கிறார்.

ஜூலை 14

சுகந்தி இன்றும் தஞ்சாவூர் போனாள். குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி. கல்யாணமாகி நாலு வருஷம். இப்போது வயிற்றில் ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்களாம். மங்கைதான் சொன்னாள். இந்த விஷயத்தில் அப்பன்காரன் மங்கை சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாமே தவிர, நேரே கேட்க முடியாது.

சம்பந்தியம்மாள் கும்பகோணத்தில் ஏதோ ஒரு வளைகாப்பில் எல்லார் முன்னாலும் சுகந்தியைச் சந்தனம் எடுக்க விடவில்லையாம். அந்த அம்மாளை நாலு சுற்று மைதானத்தில் ஓடவிட வேண்டும். எழுதத்தான் முடிகிறது.

ஆகஸ்ட் 6

வலது பக்க மார்க்காம்பில் வலி. விசில் கயிறு உரசியிருக்கும். அல்லது வாலிபால் பட்டிருக்கும்.

ஆகஸ்ட் 7

பந்து அங்கே படவில்லை.

ஆகஸ்ட் 24

இரண்டு பக்கமும். உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி. சட்டை பட்டால்கூடக் கூசுகிறது. பையன்களோடு ஓடும்போது குலுங்குவது எனக்கே தெரிகிறது. ஓடுவதை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலிருந்தே ஊதுகிறேன். நான் டீ-சர்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தால் பையன்கள் தானாக நெஞ்சை நிமிர்த்துவார்கள். இப்போது தொளதொளச் சட்டை, உள்ளே இரண்டு பனியன்.

“ஏங்க, இந்த வேக்காட்டுல ரெண்டு பனியனா? துவைக்கிறவ மனுஷியா என்னா?” என்றாள் மங்கை.

வியர்வைக்கு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. வேறு ஒரு விஷயத்திலும் கொஞ்ச நாளாக அவள் ஒன்றும் கேட்பதில்லை, நானும் ஒன்றும் சொல்வதில்லை. அதை எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 12

டாக்டரிடம் போனேன். பேருந்தில் போகிறேன் என்றேன், முகுந்தன் கேட்கவில்லை. கும்பகோணத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்து, உள்ளே பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டார். புராஸ்டேட் சுரப்பிக்காக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து டாக்டருக்குச் சந்தோஷம்.

“பிஎஸ்ஏ நல்லாக் கொறஞ்சிருக்கே சார். நா குடுத்த மாத்திர ஒழுங்காப் போடுறீங்களா?”

“போடறேன் சார்.”

“வேற ஏதாவது மருந்து சாப்புடுறீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் முகுந்தன், “மாமா வேற எந்த மருந்தும் தொட மாட்டாங்க டாக்டர்” என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. வெளியே வந்ததும், “சூரணம் மருந்தில்லயே மாமா, உணவுதானே” என்றார். சத்தியமாக அப்படித்தான் நம்புகிறார்.

சட்டையைக் கழற்றிக் காட்டலாம் என்றுதான் போனேன். பக்கத்தில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிக் கழற்றுவது? கழற்றினால் காரணம் கேட்பார்கள். காரணம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபர் 14

ஆயுத பூஜை முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனேன். டாக்டரின் அறையில் சட்டை, இரண்டு பனியன், எல்லாவற்றையும் கழற்றினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“இப்ப உண்மையச் சொல்லுங்க சார். என்ன சாப்புடுறீங்க?”

டப்பாவை மேஜைமேல் வைத்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மூலிகைன்னாலே கெட்டதுன்னு நா சொல்லல. சில மூலிகையே ஹார்மோன்ல கை வைக்கலாம். சில பேரு பவுடர்ல மாத்திரையவே பொடி பண்ணிக் கலந்துடுறான். இதுல என்ன இருக்குன்னு சோதிச்சுப் பாக்காமச் சொல்ல முடியாது. ஆனா உங்க மாரு ஏதோ சொல்லுது. அந்த மாதிரி மருந்து உள்ள போயிருந்தா பிஎஸ்ஏவப் பாதியாக் காட்டும். நல்லா இருக்குன்னு நான் சொன்னேனே, அந்த நம்பர இப்ப நம்ப முடியாது. உள்ள வேற ஏதாவது வளந்தாலும் மறச்சுடும். உடனே நிறுத்துங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம்.”

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார். அதை எழுதவில்லை.

அக்டோபர் 15

டப்பாவில் இருந்ததைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 31

தீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் நேற்றே வந்துவிட்டார்கள். காலையில் மங்கை நல்லெண்ணெயைக் காய்ச்சி மனைப்பலகை போட்டாள். மாப்பிள்ளைக்கு எப்போதும் நான்தான் முதுகில் எண்ணெய் தேய்ப்பேன். முதல் தீபாவளியில் என் கை பட்டதும் “மாமா, மெதுவா, நான் உங்க ஸ்டூடன்ட் இல்ல” என்று கத்தினார்.

இந்த வருஷம், “நானே தேச்சுக்குறேன் மாமா” என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, பனியனோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மங்கை, “கூச்சம் போலருக்கு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் அன்று கேட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். “வீட்ல வேற யாராவது இதச் சாப்புடுறாங்களா சார்? வயசுப் பசங்க சாப்புட்டா கொழந்தைக்கே சிக்கலாகலாம்” என்றார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாசல்படி இறங்கும்போதே, தேனில் குழைத்து வாயில் போடும் முகுந்தனின் கைதான் கண்ணில் நின்றது. வாடிக்கையாளர் வீட்டுக்கு வீடு ஒரு ஸ்பூன்.

சாயங்காலம் மொட்டைமாடியில் அவரைப் பிடித்தேன். சொல்லிவிடுவது என்று உறுதியாகத்தான் போனேன். நான் தொடங்குவதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

“மாமா, தூக்கமே வர்றதில்ல. எங்கம்மா சுகந்தியப் பேசுற பேச்சு... நான் என்னா பண்றதுன்னே தெரியல. இந்த யாவாரம் ஒண்ணுதான் என்ன ஆம்பளையா நிக்க வைக்குது. அவளுக்கு ஒரு கொழந்த வந்துட்டாப் போதும் மாமா, வேற ஒண்ணும் வேணாம்.”

அழுதுவிட்டார். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை என் முன்னால் அழுகிறார், நான் பக்கத்து வீட்டு ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் நான் சொன்னது என்ன தெரியுமா? டப்பா மூடி சரியில்லை, ஈரம் இறங்குகிறது, வேறு மூடி போடச் சொன்னேன்.

நவம்பர் 21

நாலு நாளாக விடாத மழை, பள்ளி இல்லை. சுகந்தி இங்கே இருக்கிறாள். நர்ஸ் வர முடியவில்லை என்று தானே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். மங்கை அடுப்படியில் இருந்ததால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். தொப்புளைச் சுற்றி நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போயிருக்கிறது. ரொம்ப வருஷம் கழித்து மகளின் வயிற்றைப் பார்த்தேன். கையில் ஐஸ் கரைந்து ஓடியது, துடைக்கத் தோன்றவில்லை.

“வலிக்குதாம்மா?”

“பழகிப்போச்சுப்பா. எங்கிட்டதான் ஏதோ கோளாறு. டாக்டருக்கே புரியல.”

“மாப்பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?” கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு. இப்ப மறுபடி எடுக்கணும்ங்கறாங்க. அவரு ஒத்துக்க மாட்டேங்குறாரு. அதான் நல்லா இருந்துச்சேங்குறாரு.”

சூரணம் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சொல்லியிருக்கலாம். மழையில் வீட்டில் மூன்றே பேர்தான். சொன்னால் என்ன ஆகும்? புருஷனைக் கேட்பாள். அவர் நொறுங்கிப்போவார். சம்பந்தியம்மாளுக்குத் தெரியும். ‘மாமனாரே மாப்பிள்ளையை ஆண்பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார்’ என்று ஊர் பேசும். அதற்குப் பிறகு சுகந்தி எந்த வீட்டில் இருப்பாள்? டாக்டர் ‘ஆகலாம்’ என்றுதானே சொன்னார், ‘ஆகும்’ என்று சொல்லவில்லையே. இப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஐஸ் தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 18

சூரணத்தை நிறுத்தி இரண்டு மாதம். ஒன்றுக்குப் போகும் அவஸ்தை திரும்ப வந்துவிட்டது. மார் மட்டும் அப்படியே இருக்கிறது. ரத்தத்தில் அந்த நம்பர் ஏறியிருக்கிறதாம். பொங்கல் கழித்து ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். பயமாக இருக்கிறது. மங்கையிடம் சொல்லவில்லை.

முகுந்தன் ஆறு டப்பா புதிதாகக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மூடி மாற்றியிருக்கிறார்.

ஜனவரி 9

அறுபதாம் கல்யாணம். என் நட்சத்திரத்துக்குப் பிப்ரவரி இரண்டாம் தேதி வருகிறது. திருக்கடையூரில் செய்வதாக மகளும் மாப்பிள்ளையும் எல்லா ஏற்பாடும் முடித்துவிட்டார்கள். வீட்டோடு ஒரு பாயசம் வைத்தால் போதும் என்று எவ்வளவோ சொன்னேன். மங்கை கோபித்துக்கொண்டாள். “ஊர்ல எல்லாரும் பண்ணிக்கிறாக. எனக்குன்னு ஒரு நாளு வருது, அதுவும் ஆகாதா ஒங்களுக்கு?” என்றாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? சட்டை இல்லாமல் உட்கார வேண்டும். சொந்தபந்தம் ஒவ்வொருவராக வந்து தலையில் கலச நீர் ஊற்றுவார்கள். அம்பலவாணன் ஐயா குடும்பத்தோடு வருகிறார். எத்தனை பேர் எதிரில். டாக்டர் சொன்ன சதைப் பரிசோதனையையும் விசேஷத்துக்கு அப்புறம் என்று தள்ளிப்போட்டுவிட்டேன்.

ஜனவரி 22

சுகந்தி போன் செய்தாள். வயிற்றில் துளை போட்டுக் கருவி விட்டுப் பார்க்கப்போகிறார்களாம். லேப்ராஸ்கோப்பி. மயக்க மருந்து கொடுப்பார்களாம். விசேஷம் முடிந்த மறு வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். “நல்ல நாள்ல ஒங்ககிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போறம்ப்பா, இந்தத் தடவ நடந்துடும்” என்றாள்.

குடியரசு தினத்துக்குப் பையன்களை அணிவகுக்கவிட்டேன். ‘இடப்பக்கம் திரும்பு’ என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றுவிட்டேன். அவர்கள் சுவரில் போய் முட்டும் வரை நடந்தார்கள்.

பிப்ரவரி 2

காலையில் திருக்கடையூர். கோயிலில் எங்களைப் போலவே பத்துப் பதினைந்து கிழட்டு மாப்பிள்ளைகள், பெண்கள். மூலைக்கு மூலை ஹோமப் புகை, ஆளுக்கு ஒரு நாதஸ்வரம். பட்டுப்புடவையில் மங்கை பார்க்க நன்றாக இருந்தாள். நான் அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்தி, இரண்டு முனையையும் தாடைக்குக் கீழே இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக் கலச நீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். குருக்கள், “சட்டையோட வரப்படாது, மாப்பிள்ளை கழட்டிட்டு வந்து ஊத்தட்டும்” என்றார். முகுந்தன் தயங்கித் தயங்கிப் போய்விட்டு வந்தார். தோளில் துண்டு. போர்த்தி, இரண்டு முனையையும் தாடைக்குக் கீழே இறுகப் பிடித்திருந்தார். ஒரு கையால்தான் கலசத்தைத் தூக்கினார். எனக்கு ஊற்றிய தண்ணீரில் பாதி அவர்மேல் தெறித்துத் துண்டு நனைந்து மாரோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

தண்ணீர் ஊற்றி முடிந்ததும் மகளும் மாப்பிள்ளையும் எங்கள் காலில் விழுந்தார்கள். கையில் அட்சதை. குருக்கள் அவசரப்பட்டார். “பொண்ணுக்குப் புத்திர பாக்கியம் உண்டாகணும்னு வாய்விட்டுச் சொல்லி ஆசீர்வாதம் பண்ணுங்கோ. இந்த நாள்ல சொன்னாப் பலிக்கும்.”

மங்கை சொல்லிவிட்டாள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கீழே சுகந்தியின் தலை, நனைந்த தரையில் அவள் கொண்டைப் பூ. மறு வாரம் இவளை மயக்கிப் படுக்க வைப்பார்கள்.

“மாப்ள” என்றேன். “அந்தச் சூரணத்த இன்னையோட நிறுத்துங்க.”

அங்கவஸ்திரத்தை எடுத்துவிட்டேன். அம்பலவாணன் ஐயா ‘சிவ சிவா’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மங்கை பார்த்தாள்.

“இது அதனாலதான் இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. கொழந்த தங்காததுக்கும் அது காரணமா இருக்கலாமாம். நீங்க மொதல்ல டெஸ்ட் எடுத்துக்குங்க. சுகந்திக்கு இப்ப ஆபரேஷன் வேணாம்.”

மூன்று பக்கமும் நாதஸ்வரம் முழங்கியதால் எல்லார் காதிலும் விழுந்திருக்காது. விழ வேண்டியவர்கள் காதில் விழுந்தது. முகுந்தன் எழுந்திருக்கவில்லை. நெற்றியைத் தரையில் வைத்தபடியே கிடந்தார். தோள் மட்டும் குலுங்கியது. சுகந்தி எழுந்து உட்கார்ந்து, அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“டாக்டர் எப்பப்பா சொன்னாரு?”

“ஆயுத பூஜை முடிஞ்சு.”

அவள் உதடு அசைந்தது. மாதத்தை எண்ணுகிறாள் என்று புரிந்தது.

“அப்ப அதுக்கப்புறம் நா போட்டுக்கிட்ட ஊசியெல்லாம் எதுக்குப்பா?”

“அடுத்த பார்ட்டி நிக்கிறாங்க சார், எழுந்திரிங்க” என்று கோயில் ஆள் வந்து மனையை இழுத்தான். எழுந்துவிட்டோம்.

மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். முகுந்தன் எங்களோடு வரவில்லை, பேருந்தில் கும்பகோணம் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதி வேண்டாம் என்று சுகந்தி சொன்னது கேட்டது. மங்கை என் சட்டையை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

விசேஷத்துச் சமையல்காரர்கள் கொடுத்தனுப்பிய சாப்பாட்டை மங்கை பரிமாறுகிறாள். சுகந்தி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் எனக்கும் இலை போட்டிருக்கிறது. மங்கை கூப்பிடுகிறாள், போக வேண்டும்.